பால்கனியில் புறாக்கூடு: வலை கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனிகளுக்குப் புறா வலை கட்டும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இப்போது வலையையும் கொக்கியையும் இணையத்தில் வாங்கித் தாங்களே கட்டிக்கொள்ளும் குடும்பங்கள் பெருகியுள்ளன. இத்தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞர்களும் பலர். எங்கள் தொடக்க காலத்தில் நடந்த அதே பிழைகள் அவர்களிடமும் தொடர்வதைக் காண்கிறேன். பால்கனியில் தானியம் தூவுவது போன்ற வெளிப்படையான பிழைகளை விட்டுவிடுகிறேன்.

குஞ்சு இருக்கும்போது வலை கட்டுவது

இன்றும் எனக்குக் கோபத்தை வரவழைப்பது இதுதான். ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளியில் மாடப்புறா பெரும்பாலும் இரண்டு வெள்ளை முட்டைகளை இடும். அடைகாக்கும் 17 முதல் 19 நாட்களும் கூட்டில் அநேகமாக எப்போதும் ஒரு பறவை இருக்கும். முற்பகலிலிருந்து பிற்பகல் வரை ஆணும் மற்ற நேரங்களில் பெண்ணும் அமரும் என்பதால், முட்டைக் காலத்தில் யாரும் ஏமாறுவதில்லை. அதற்குப் பின்புதான் ஏமாறுகிறார்கள். பொரித்து ஒரு வாரம், பத்து நாள் ஆனதும் தாயும் தந்தையும் பகலில் கூட்டைவிட்டு நீங்கி, இரை ஊட்ட மட்டும் சில முறை வந்து போகின்றன. இடைப்பட்ட நேரத்தில் குஞ்சுகள் சத்தமின்றி யூனிட்டின் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும். எட்டிப் பார்ப்பவருக்குப் பறவையும் தெரிவதில்லை, குரலும் கேட்பதில்லை. புறா போய்விட்டது என்று முடிவு செய்து அன்றே வலையைக் கட்டிவிடுகிறார்.

வேளச்சேரியில் ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. வேறொருவர் வலை கட்டிச் சென்ற மறுநாள் காலையிலிருந்து இரண்டு புறாக்கள் வெளியே வலையைப் பற்றிக்கொண்டு சிறகடித்தபடி இருந்தன. பழகிய இடத்தை விட முடியாமல் சுற்றுகின்றன, சில நாட்களில் போய்விடும் என்று கட்டியவர் தொலைபேசியில் சொல்ல, வீட்டாரும் நம்பினார்கள். பிறகு துர்நாற்றம் எழுந்தது. கூட்டிலிருந்து கிளம்பிய, பறவைகளை அண்டி வாழும் செள்ளுப்பூச்சிகள் சன்னல் வழியே படுக்கையறைக்குள் புகுந்து குழந்தையின் கழுத்திலும் கைகளிலும் கடித்தன. என்னை அழைத்தபோது வலையை அவிழ்த்து, ஏசி மெக்கானிக்கை வரவழைத்து யூனிட்டைக் கழற்றி, இறந்த இரண்டு குஞ்சுகளையும் எடுத்து, இடத்தைக் கழுவி, மீண்டும் வலை கட்ட வேண்டியிருந்தது. செலவு இரட்டிப்புக்கும் மேலே போனது. ஐந்து நிமிடம் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்த உயிர்களும் பிழைத்திருக்கும்.

எனவே கட்டுவதற்கு முன், கைப்பேசியை ஒரு குச்சியில் கட்டி, யூனிட்டின் பின்புறம், அடிப்புறம், பரண், காலித் தொட்டி என எல்லா இடத்தையும் படமெடுத்துப் பாருங்கள். குஞ்சு இருந்தால் காத்திருங்கள்; பொரித்த நாளிலிருந்து நான்கைந்து வாரங்களில் அது பறந்துவிடும். காத்திருக்கும்போதும் கவனம் வேண்டும். நம் ஊரில் மாடப்புறா ஆண்டு முழுவதும் முட்டையிடக் கூடியது. முதல் ஈட்டுக் குஞ்சுகள் பறப்பதற்குள்ளேயே பக்கத்தில் அடுத்த ஈடு தொடங்கிவிடலாம். புதிதாகக் கொண்டுவரும் குச்சிகளை, முட்டை விழுவதற்கு முன் அன்றாடம் அகற்றுங்கள். கடைசிக் குஞ்சு பறந்த அன்றே இடத்தைக் கழுவி வலையைக் கட்டுங்கள்.

புள்ளிப்புறாவையும் விரட்டுவது

கழுத்தின் பின்புறம் கறுப்பில் வெண்புள்ளிகள் கொண்ட புள்ளிப்புறா, பூந்தொட்டியிலோ மருதாணிக் கிளையிலோ சில குச்சிகளை அடுக்கி முட்டையிடும். அது மாடப்புறாவைப் போலக் கூட்டமாகக் குடியேறுவதில்லை. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தைக் கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. தினமும் அருகில் சென்று படமெடுத்தால் பறவை எழுந்து போகும், காகம் முட்டையைக் கொண்டுபோகும். மேலும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, அதன் பட்டியல்களில் உள்ள பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாகவே கருதுகிறது.

விழுந்த குஞ்சுக்குப் பால் ஊட்டுவது

கூடாது. கூட்டிலேயே திரும்ப வையுங்கள்; மனிதக் கை பட்டதால் தாய் அதை ஒதுக்கிவிடாது.

பிளாஸ்டிக் ஆந்தை

புறாவை மிரட்ட இதை வாங்கி வைத்தாலும் சில நாட்களில் புறா அதன் பக்கத்திலேயே உட்காரும்.

உலர்ந்த எச்சத்தைப் பெருக்குவது

உலர்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் அதில் வளரும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடாதீர்கள்.

வலையைத் தொய்வாக விடுவது

மாடப்புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் கொண்ட வலை போதும். விலை குறைவென்று வெயிலில் இற்றுப்போகும் மெல்லிய நூல் வலையை வாங்காதீர்கள். கொக்கிகளை நெருக்கமாக அடித்து, ஓரக்கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பறவையின் காலும் சிறகும் சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்துக்குப் பிறகு மூலைகளைக் கையால் இழுத்துப் பார்த்து, அறுந்த கண்களை அன்றே பின்னிவிடுங்கள்.