இடுப்புச் சாய்வும் கீழ்முதுகு வலியும்: நான் தப்பாகச் செய்த ஸ்ட்ரெச்

எட்டு மாதம் கீழ்முதுகு வலியோடு இருந்தேன். நின்று பாத்திரம் கழுவினால் பத்தே நிமிடத்தில் கையை இடுப்பில் ஊன்றிக்கொள்ள வேண்டியிருக்கும். "இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, அதுதான் காரணம்" என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, நாள் முழுக்கப் புட்டத்தை இறுக்கி இடுப்பை உள்ளிழுத்தபடியே திரிந்தேன். வலி போகவில்லை, முதுகு விறைத்துப்போனதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் திரிகத்தின் (முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு) மேல் உட்கார்ந்திருக்கின்றன. திரிகம் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி செருகியிருக்கிறது. அதனால் இடுப்பெலும்பின் மேல்பகுதி முன்னால் சாய்ந்தால் கீழ்முதுகின் வளைவு கூடும், பின்னால் சாய்ந்தால் தட்டையாகும். ஆனால் வலியே இல்லாத பலருக்கும் லேசான முன்சாய்வு இருக்கும், அது இயல்புதான். எனக்கு இருந்த சிக்கல், இடுப்பை எந்தப் பக்கமும் அசைக்கவே தெரியாமல் ஒரே நிலையில் உறைந்துபோயிருந்தது.

ஒரு எச்சரிக்கை. காலில் பலவீனம், கால் இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலத்தை அடக்கவோ கழிக்கவோ முடியாமை, காய்ச்சலோடு வலி, கீழே விழுந்தபின் வலி: இதில் எது இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

படி 1: சாய்வைக் கண்டுபிடிப்பது

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் துருத்தும் இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவில் ஃபோனை நீளவாக்கில் வையுங்கள். கீழ்முதுகைத் தரையில் மெல்ல அழுத்தினால் ஃபோன் தொப்புள் பக்கம் சரியும். முதுகுக்கடியில் சின்ன இடைவெளி விட்டால் கால் பக்கம் சரியும். இப்படி 10 முறை, மூச்சைப் பிடிக்காமல். புட்டம் தரையை விட்டு எழும்பினால் காலால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

படி 2: தொடையின் முன்பக்க ஸ்ட்ரெச்

நான் மூன்று மாதம் வீணடித்த இடம் இது.

சோவாஸ் என்ற தசை கீழ்முதுகு எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, இடுப்பின் முன்புறமாக வந்து, தொடையெலும்பின் உள்பக்கத்தில் முடிகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது சுருங்கிய நிலையிலேயே கிடக்கும். அதை இழுக்கத்தான் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்னால் வைத்துச் செய்யும் இந்த ஸ்ட்ரெச்.

நான் என்ன செய்தேன் என்றால், எவ்வளவு முன்னால் போக முடியுமோ அவ்வளவு பாய்ந்தேன். நன்றாக இழுபடுவது போலவே இருந்தது. உண்மையில் தொடை அப்படியே இருக்க, கீழ்முதுகுதான் வில்லாக வளைந்துகொண்டிருந்தது. எழுந்த பிறகு வலி கூடியதற்குக் காரணமும் அதுதான்.

சரியான வரிசை இது. முதலில் ஒரு முழங்காலை ஊன்றிய நிலையிலேயே, முன்னால் சாயாமல் உடம்பை நிமிர்த்துங்கள். பெல்ட் பக்கிளை விலா எலும்பை நோக்கித் தூக்குவது போல இடுப்பைப் பின்சாய்வுக்குக் கொண்டுவாருங்கள், படி 1-இல் முதுகைத் தரையில் அழுத்திய அதே அசைவு. ஊன்றிய கால் பக்கத்துப் புட்டத்தை இறுக்குங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே தொடையின் முன்பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும். அப்புறம்தான் முன்னால் நகர வேண்டும், அதுவும் இரண்டு மூன்று சென்டிமீட்டர். ஒரு கையைக் கீழ்முதுகில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பள்ளம் ஆழமாவது தெரிந்தால் பின்னால் வாருங்கள். பக்கத்துக்கு 30 விநாடி, இரண்டு முறை.

படி 3: பிரிட்ஜ்

படி 1 போலவே மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். முதலில் இடுப்பைப் பின்சாய்த்து, பிறகு தரையிலிருந்து தூக்குங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடு வந்தால் போதும். 5 விநாடி, 10 முறை. பின்தொடை பிடித்துக்கொண்டால் குதிகாலைப் புட்டத்துக்குக் கொஞ்சம் அருகில் வையுங்கள்.

சாமான் எதுவும் வாங்க வேண்டாம். மடித்த துண்டு ஒன்று போதும், முழங்காலுக்கடியில் போட. முதுகை நிமிர்த்தும் பெல்ட், கூன் விழுந்தால் அதிரும் கருவி எல்லாம் வாங்கிப் பார்த்தேன், அலமாரியில் தூங்குகின்றன.

பின்சேர்க்கை: துண்டு போட்டும் முழங்கால் வலிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கட்டிலின் ஓரத்தில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்து, மறுகாலைத் தொங்கவிடுங்கள். அதே தசைதான் இழுபடும். முழங்காலை அணைத்திருப்பதால் முதுகு எளிதில் வளையாது என்பது கூடுதல் வசதி.

இன்னொருவர் சொன்னது நான் யோசிக்காதது: அவருக்குக் குனிந்தால்தான் வலி, பின்சாய்வு செய்யச் செய்ய மோசமானதாம். அப்படிப்பட்டவர்கள் முதுகைத் தரையில் அழுத்துவதை விட்டுவிட்டு, வலிக்காத அளவுக்குள் மட்டும் அசையுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுவதே நல்லது.

"இடுப்பு விலகிவிட்டது, சொடுக்கெடுத்துச் சரிசெய்யலாமா?" என்ற கேள்விக்கு: திரிகமும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு பொதுவாகச் சில டிகிரிதான் அசையும். சொடுக்கெடுத்ததும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கலாம், ஆனால் எலும்பு இடம் மாறி உட்கார்ந்தது என்பதை நான் நம்பவில்லை.

பாத்திரம் கழுவும் தொல்லைக்கு ஒரு குட்டை ஸ்டூல் உதவியது. ஒரு பாதத்தை அதன்மேல் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றுகிறேன்.