ஏற்காடு: ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி

சேலம் வந்து ஏற்காட்டுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்களில் பெரும்பாலோர் காலை பத்து மணிக்கு வண்டியெடுத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் கடந்து, ஏரியில் படகேறி, லேடீஸ் சீட் காட்சிமுனையில் படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று வார விடுப்பில் பிள்ளைகளையும் அழைத்து வரும் குடும்பங்கள் இப்படித் திரும்புவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அழகெல்லாம் அதன் பாதைகளில் இருக்கிறது. சேலத்திலிருந்து நேர்வழியில் ஏறுங்கள், மலைமேல் ஒரு சுற்று சுற்றுங்கள், குப்பனூர் வழியாக இறங்குங்கள்.

டிரைவரோடு வண்டி பேசும்போதே இந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். கிலோமீட்டர் கணக்கு, பேட்டா, மலைக்குக் கூடுதல் தொகை எல்லாம் அப்போதே முடிவாகிவிட்டால் மாலையில் வாக்குவாதம் இருக்காது. கனடா, பிரான்ஸ், ஜெர்மனி என்று வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் இந்த வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் இருப்பது நல்லது. லண்டன்காரர்கள் ஓட்டலாம். ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருக்க வேண்டும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும், இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து வர வேண்டும்.

காலை ஆறரைக்குச் சேலத்தை விட்டுவிடுங்கள். மலை தொடங்கும் முன்பே முதல் நிறுத்தம் வந்துவிடும். ஏற்காடு சாலையின் ஓரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம் இது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் மிச்சம். உங்கள் அம்மாவோ அப்பாவோ உடன் வந்திருந்தால் இங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், கதைகளை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

அடிவாரம் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் காலை உணவை மேலே போய்ச் சாப்பிடலாம். பாதி மலையில், வளைவை விட்டுத் தள்ளி அகலமான இடம் பார்த்து ஒரு முறை இறங்கிக் காற்று வாங்குங்கள். குரங்குகள் உடனே வந்துவிடும். அவற்றுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், கார்க் கண்ணாடியைத் திறந்து வைக்காதீர்கள்.

லேடீஸ் சீட்டை நான் விலக்கச் சொல்லவில்லை, சீக்கிரம் போய்விடச் சொல்கிறேன். கூட்டம் சேருமுன் அங்கே நின்றால் மலைப்பாதை மடிந்து மடிந்து இறங்குவதும், சேலம் நகரமும், அதன் ஓரமாக வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கங்களும் தெரியும். சேலத்துக்காரர்கள் அதை வெள்ளைக்கல் என்பார்கள். வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புகூடக் கண்ணில் படும்.

ஏரிக்கரையில் சிற்றுண்டி முடித்ததும் நேரே சேர்வராயன் கோயிலுக்குப் போய்விடுங்கள். 5,300 அடிக்கும் மேலே, மரங்கள் விலகிப் புல்வெளியாக விரியும் இடம் அது. பாக்சைட் நிறைந்த மண் காலடியில் சிவந்து கிடக்கும். கோயில் ஒரு குகை. தலைகுனிந்து, முதுகை வளைத்துத்தான் உள்ளே போக முடியும், தரை ஈரமாக இருக்கும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். முழங்கால் வலி உள்ளவர்கள் வாசலிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு இது குலசாமி போன்றது. மே மாதத் திருவிழாவில் சுற்றுவட்டார மலைக்கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும். அவர்கள் தமிழ் பேசும் மக்கள்தான், கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் பிடிக்காதீர்கள்.

இனி 32 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. ஏரியருகே தொடங்கி ஏரிக்கே திரும்பும் இந்தச் சுற்றுக்காகவே நான் ஏற்காட்டுக்குப் போவேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி, நாகலூர்ப் பக்கம் சாலையின் இருபுறமும் தோட்டமாக நிற்கிறது. மேலே சில்வர் ஓக் மரம், அதன் உடம்பைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி என்று மூன்று அடுக்கு. டிசம்பர், ஜனவரியில் போனால் கிளையோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பழுத்திருக்கும். தோட்டத்து ஆளிடம் கேட்டு ஒரு பழத்தை விரல்களால் பிதுக்கிப் பாருங்கள். சிவந்த தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, இரண்டு கொட்டைகள் பிசுபிசுவென்று உள்ளங்கையில் விழும். அந்த வழவழப்பை நாக்கில் வைத்தால் இனிக்கும். காப்பியின் வாசனை அப்போது துளிகூட இருக்காது, காயவைத்து வறுத்த பிறகுதான் வரும். குடுவையில் வாங்கிய தூளை மட்டுமே கண்ட பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கோடை மழை விழுந்தபின் போகிறவர்களுக்கு வேறு பேறு. காப்பி பூத்துத் தோட்டமே மல்லிகைப் பந்தலாக மணக்கும், சில நாள்கள்தான்.

கிளியூர் அருவிக்கு மழைக்குப் பிறகு மட்டும் போங்கள். ஏரி நிறைந்து வழிந்தால்தான் அங்கே தண்ணீர். செங்குத்தான இறக்கம், பெரியவர்களுக்கு ஒத்துவராது. அந்த நேரத்தை ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குக் கொடுங்கள். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார், அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. நம் மண்ணின் மனித வரலாறு எவ்வளவு ஆழமானது என்று காட்டித் தந்த மனிதர். செடிகொடிகளில் ஆர்வம் இருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம். பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும் அங்கே உண்டு. வார நாளில் போவது உத்தமம்.

மே மாத மலர்க்காட்சி நாள்களில் மலைப்பாதை முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், முடிந்தால் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை பெய்தால் மண்சரிவு வரும், கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் வெளிநாட்டு அட்டை சாலையோரக் கடைகளில் செல்லாது, பத்து இருபது ரூபாய்த் தாள்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் கையோடு இருக்கட்டும்.

நான்கு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். இருட்டினால் காட்டுமாடுகள் சாலைக்கு வரும், பனியும் மூடும். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் பாதை நேர்வழியைவிட நீளம், ஆனால் போக்குவரத்து குறைவு, மரநிழல் அதிகம். சென்னைக்குத் திரும்புகிறவர்கள் அப்படியே அயோத்தியாப்பட்டணம் வந்து ஆத்தூர் சாலையைப் பிடித்துவிடலாம், நகருக்குள் நுழைய வேண்டியதில்லை.

சேலத்தில் தங்குவதாக இருந்தால் மாலைத் தெருக்கடையில் தட்டுவடை செட் சாப்பிடாமல் படுக்காதீர்கள். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துக் கொடுப்பார்கள். நின்றபடியே, நொறுங்குமுன் வாயில் போட வேண்டும். ஊருக்கு எடுத்துப்போக வறுத்த காப்பித்தூளும் காய்ந்த மிளகும் போதும், விமான நிலையத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோடையில் வந்தால் மல்கோவாவையும் இமாம் பசந்தையும் பெட்டியில் அடைக்க ஆசை வரும். பல நாடுகளில் பழத்தை உள்ளே விடமாட்டார்கள், இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.