‘வீய்’ படத்தை நேரடி இசையோடு திரையிடுவது எப்படி

1967-இல் சோவியத் படநிறுவனமான மோஸ்ஃபிலிம் எடுத்த ‘வீய்’ எழுத்தாளர் கோகோலின் கதை. செத்துப்போன சூனியக்காரியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று இரவு ஜெபம் வாசிக்கும் குருமட மாணவன் ஹோமாதான் நாயகன். நேரடி இசைக்கு இவ்வளவு தோதான சோவியத் பேய்ப்படம் வேறில்லை. ஆனால் இது பேசும் படம். வசனமும் காரென் ஹச்சதூரியானின் இசையும் ஒரே தடத்தில் ஒன்றாகக் கலந்த மோனோ ஒலிதான் பிரதியில் இருக்கும். வசனத்தை மட்டும் பிரிக்கும் மென்பொருளை நம்பாதீர்கள். பழைய இசையின் மிச்சம் குரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டே வரும். மற்ற காட்சிகளில் கை வைக்காமல், தேவாலயத்தில் கழியும் மூன்று இரவுகளில் மட்டும் மூல ஒலியை இறக்கிவிட்டு வாசியுங்கள்.

திரையிடும் உரிமை, ஒலியை மாற்றும் அனுமதி இரண்டையும் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். யூடியூபில் படம் இருப்பது அனுமதி ஆகாது.

அரங்கில் ஓடப்போகும் அதே பிரதியை வைத்தே ஒத்திகை பாருங்கள். நொடிக்கு 24 பிரேமில் சுமார் 77 நிமிடம் ஓடும் படம், 25 பிரேம் பிரதியில் ஏறக்குறைய மூன்று நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். அப்போது குறிப்புத்தாளில் எழுதிய நேரமெல்லாம் தப்பும். சுருதியும் அரைச்சுரத்தில் (செமிடோன்) சுமார் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடுவதால், மூல இசையிலிருந்து உங்கள் இசைக்குத் தாவும் இடம் அபசுரமாகும்.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் வாத்தியம் கிடையாது, குரலும் மணியும்தான். இதையே விதியாக வையுங்கள். ஹோமாவின் ஜெபம் கனத்த ஆண்குரல் ஒன்றுக்கு. அவன் பேசுவதற்குத் துணைத்தலைப்பு போதும். செல்லோ, அக்கார்டியன், தாளம் எல்லாம் சூனியக்காரிக்கு. முதல் இரவு, ஹோமா தன்னைச் சுற்றிக் காவலாக வரைந்த சாக்பீஸ் வட்டத்தை அவள் தடவித் தேடுகிறாள்: செல்லோ மட்டும், வில் தந்தியை உரசினால் போதும். இரண்டாம் இரவு சவப்பெட்டி பறக்கிறது. அது வட்டத்தில் மோதும் ஒவ்வொரு தடவையும் பெரிய முரசு. அடி கால் நொடி பிந்தினாலும் பார்வையாளர் சிரித்துவிடுவார்கள். அதனால் முரசுக்காரர் முன்னால் நேரக்குறி ஓடும் சிறு திரை கட்டாயம். எல்லோரும் சேர்ந்து முழங்குவது மூன்றாம் இரவில்தான். முன்பே முழங்கித் தீர்த்துவிட்டால் பூதங்களின் தலைவனான வீய் வரும்போது ஏற்ற இடமிருக்காது.

மூல ஒலியைச் சட்டென வெட்டாமல் 2-3 நொடியில் இறக்குங்கள். இரவை முடிக்கும் சேவல் கூவலை மட்டும் படத்திலிருந்தே எடுங்கள்: கூவுவதற்கு ஒரு நொடி முன்பு ஒலிக்கட்டுப்பாட்டாளர் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) ஏற்ற, அதே நொடியில் வாத்தியங்கள் நிற்க வேண்டும். ஒத்திகையில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

கலைஞர்களைத் திரைக்குப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். முன்னால் உட்கார்ந்தால் துணைத்தலைப்பு மறையும். ஸ்டாண்டு விளக்கு மங்கலாக, கீழ்நோக்கி இருக்கட்டும். சிவப்பு பல்பு போட்டால் சிவப்புப் பென்சில் குறிப்புகள் கண்ணுக்கே தெரியாது, கறுப்பில் எழுதுங்கள்.