ஸ்டூடியோ இல்லாமல், மழைக்காலத்தில் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம்

தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன சபையின் பாடகர் குழு கிறிஸ்துமஸ் ஆல்பம் போட நினைத்தால் என்னென்ன குறுக்கே வந்து நிற்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கக் காசு கிடையாது, ஆண்களின் மேல்குரலான டெனரை நன்றாகப் பாடுகிறவர் கத்தாரில் இருக்கிறார், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடிய அக்கா கல்யாணமாகிச் சென்னைக்குப் போயாச்சு, போதாததற்கு வேலை மும்முரமாகிற அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். இத்தனைக்கும் நடுவில் ஆல்பம் போடலாம். ஆனால் குரலை முதலில் முடித்துவிடுங்கள். கீபோர்டு, தபேலா, கிட்டார் எல்லாம் பிறகு சேர்க்கலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் விட்டேவிடலாம். ஆட்கள் சேர்ந்து கிடைக்கிற நேரமும் சத்தமில்லாத நேரமும்தான் அபூர்வம், அதை வாத்தியத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

முதலில் தேதி. டிசம்பர் 25ஐக் கடைசி நாளாக வைத்துக்கொண்டு யோசித்தால் வேலை கெட்டது. டிசம்பர் பிறந்துவிட்டால் கேரல் ரவுண்ட்ஸ், ராத்திரி ரெண்டு மணி வரை வீடு வீடாகப் பாட்டு, டிரம்ஸ், கிறிஸ்துமஸ் தாத்தாவோடு தெருவில் ஆட்டம், அதற்கு மேல் கேரல் சர்வீஸ் பிராக்டிஸ். யார் தொண்டையும் தேறாது. கேட்கிறவர்களும் கிறிஸ்துமஸ் பாட்டை டிசம்பர் முதல் தேதியிலிருந்து தேடுவார்கள், 26ஆம் தேதி ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள். அதனால் டிசம்பர் 1 அன்று பாட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களுக்கு நேரடியாக ஏற்ற முடியாது, இடையில் ஒரு விநியோக நிறுவனம் வழியாகப் போக வேண்டும், அதற்கு மூன்று நான்கு வாரம் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அவர்களுடைய பிளேலிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதாக இருந்தால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னாலாவது கேட்டிருக்க வேண்டும். ஆக, நவம்பர் முதல் வாரம் மிக்ஸிங் (குரலையும் வாத்தியத்தையும் சேர்த்துச் சமன் செய்வது) முடிந்த ஃபைல் கையில், அக்டோபர் முதல் பாதிக்குள் குரல் எல்லாம் பதிவாகி, ஆகஸ்டில் பாட்டுத் தேர்வு. நவம்பர் கடைசியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களா, சரி, ரெண்டே ரெண்டு பாட்டு எடுத்து யூடியூபில் மட்டும் போடுங்கள், மிச்சத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

எத்தனை பாட்டு? ஐந்து போதும். ஒரு ஆல்பம் என்றால் பத்துப் பாட்டு என்பது கேசட் காலத்துப் பழக்கம், ரெண்டு பக்கத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு ரெண்டு, சபையில் யாராவது எழுதிய புதுசு ரெண்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடுவது ஒன்று. பிள்ளைகள் பாட்டைச் சேர்த்தால் பெற்றோர், தாத்தா பாட்டி, சித்தி, மாமா என்று கேட்பதற்கு ஆட்கள் தானாக வருவார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைகள் சுருதி விலகினாலும் காது மன்னித்துவிடும், அதனால் அந்தப் பாட்டுக்கு வேலையும் குறைவு.

பழைய பாட்டு என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்தியச் சட்டப்படி பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம் வரை உரிமை உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் இறந்தவர், அவர் கீர்த்தனைகளை யாரையும் கேட்காமல் பாடலாம். ஆனால் அதற்கு ஒருவர் சமீபத்தில் நான்கு குரலுக்கு எழுதிய ஹார்மனி அவருடைய சொத்து. மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலைகளிலும் இதே சிக்கல்தான். 1818இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் ஆலயத்தில் கிட்டார் துணையோடு முதன்முதலாகப் பாடப்பட்ட அந்த ‘சைலன்ட் நைட்’ (அமைதி இரவு) பாட்டின் மெட்டு இன்றைக்கு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் நீங்கள் பாடுகிற தமிழ் வரிகளை யார் மொழிபெயர்த்தார், அவர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். இப்போது இருக்கிறவர்களின் பாட்டு என்றால் எழுதிய சபை ஐயரிடமோ (குருவானவர்) பாஸ்டரிடமோ நேரில் கேட்டு, எழுத்தில் ரெண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பிறர் பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்கிற கவர் வெர்ஷனுக்குச் சட்டத்தில் தனியாக வழி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் முதல் பதிவு வந்து ஐந்து வருஷம் கழிந்திருக்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். நமக்கு ஆகிற காரியமா? சினிமா மெட்டில் வேத வசனத்தைப் போட்டுப் பாடுவதெல்லாம் கேரல் ரவுண்ட்ஸோடு நிற்கட்டும்.

அடுத்து, எல்லோரும் காதில் கேட்டுக்கொண்டே பாடுவதற்கான வழிகாட்டி ட்ராக். கீபோர்டில் வெறும் கார்டுகள் (சேர்த்து அழுத்துகிற சுரங்கள்), கூடவே தாளம் காட்டுகிற மெட்ரோனோம் கிளிக், மெலிதாக மெயின் மெலடி, இவ்வளவுதான். ஸ்கேலை லீட் பாடுகிறவரின் வசதிக்கு வைக்காதீர்கள், ஆண்களின் அடிக்குரலான பாஸும் பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோவும் ரெண்டு கோடியிலும் சிரமப்படாமல் நிற்கிற இடத்தைப் பிடியுங்கள். சபை ஹார்மோனியத்தை வைத்துச் சுருதி எடுக்க வேண்டாம், பழைய ஹார்மோனியம் கீபோர்டோடு கொஞ்சமாவது விலகித்தான் இருக்கும், அந்தக் கொஞ்சம் கடைசியில் எல்லாவற்றையும் கெடுக்கும். பாட்டுக்கு முன்னால் ரெண்டு பார் எண்ணிக்கை, அதற்கும் முன்னால் ஒரு பலத்த கைதட்டல் ஒலி, பிறகு கொஞ்ச இடைவெளி. இந்தக் கைதட்டல் எதற்கு என்று கீழே வருகிறது.

இனி இடம். ஆலயத்துக்குள் பதிவு செய்ய எல்லோருக்கும் ஆசை, உயரமான கூரை, பாடினால் அப்படியே சுற்றி வரும். ஆனால் அந்த எதிரொலி ஃபைலுக்குள் போய்விட்டால் வெளியே எடுக்க முடியாது, இல்லாத எதிரொலியைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பது ரெண்டு நிமிட வேலை. அதனால் வீட்டுப் படுக்கையறைதான் நல்லது, தகரக் கூரை இல்லாத வீடாக, மாடி வீடென்றால் கீழ்த்தளம். பாடுகிறவருக்கு முன்னால் போர்வை தொங்கவிடுவதைவிட முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவதுதான் முக்கியம், மைக் அவர் வாயைப் பார்க்கும்போது அவருக்குப் பின்னாலிருக்கிற சுவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. புடவைகள் நிறைந்த பீரோவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடச் சொல்லுங்கள், தரையில் ஜமக்காளம், கட்டிலில் மெத்தையை நிமிர்த்தி ஒரு பக்கம். முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை, ஒட்டிய பசை சுவரை விட்டுப் போகாது என்பதுதான் மிச்சம்.

பத்தாயிரம் ரூபாய் கொடுத்து கண்டென்சர் மைக் வாங்க வேண்டுமா? சத்தமான தெருவில் வேண்டாம். அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அழகாகப் பதிவு செய்யும். ஆராதனையில் பிரசங்கத்துக்கு வைக்கிற சாதாரண டைனமிக் மைக்கை ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளையிடம் சொல்லி வாங்கி வாருங்கள், மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் யாரிடமாவது இரவல் கிடைக்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். ப வருகிற இடத்தில் காற்று அடித்தால் மைக்கை நேராக வைக்காமல் வாயின் ஓரத்தில் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். லெவல் உச்சத்தில் -12லிருந்து -6 டெசிபலுக்குள் நிற்கட்டும், சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த டேக்கை (அந்த முறை பாடிய பதிவை) பாசம் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். பதிவு செய்கிற மென்பொருளுக்கு, லேப்டாப்பில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் 60 நாள் சோதித்துப் பார்க்கத் தருகிறது, ரெண்டில் எதுவானாலும் இந்த வேலைக்குத் தாராளம்.

சத்தம்தான் பெரிய எதிரி. மழை நின்ற ராத்திரியில் தவளை, கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் பாட்டு ஸ்பீக்கர், எல்லா நாளும் ஃபேன். இதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் பகலில் மின்தடை அறிவிக்குமே, பேப்பரில் வருமே, அந்த நாளைப் பிடியுங்கள். ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, தெருவில் மிக்ஸி, டிவி, ஒலிபெருக்கி எதுவும் இல்லை, மோட்டார் ஓடாது. லேப்டாப்பை ராத்திரியே முழுக்க சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு, யூஎஸ்பியிலேயே ஓடுகிற இன்டர்ஃபேஸை மாட்டி, காலையிலிருந்து பதிவு செய்யலாம். சார்ஜர் மாட்டாததால் அந்த உம்ம் என்கிற இரைச்சலும் இருக்காது. இன்வெர்ட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அதில் மாட்டிய எல்லாமே இரையும். வியர்க்கும், வேறு வழியில்லை, ஒரு பாட்டுக்கு ஒருமுறை கதவைத் திறந்து மோர் கொடுங்கள்.

நிறைய ஆட்கள் இல்லையா? ஒரு குரலுக்கு ரெண்டு பேர் இருந்தாலே போதும். ஒரு தடவை பாடி முடித்ததும், இடம் மாறி நின்று அதே பகுதியை இன்னொரு தடவை பாடச் சொல்லி ரெண்டையும் சேர்த்து வையுங்கள், நான்கு குரலுக்கும் சேர்த்து எட்டுப் பேர் பதினாறு பேராகக் கேட்பார்கள். ஒரே டேக்கைக் காப்பி அடித்து ஒட்டினால் இது நடக்காது, சத்தம்தான் கூடும். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் மூடுகிறார்களா என்று கவனியுங்கள். "பிறந்தார்" என்பதில் அந்த ர் ஆளுக்கொரு நேரத்தில் வந்தால் எவ்வளவு நல்ல ஹார்மனியும் சந்தைச் சத்தமாகிவிடும். ஒருத்தர் மட்டும் ர்-ஐ உச்சரிக்கட்டும், மற்றவர்கள் ஆ-விலேயே நிறுத்தட்டும்.

வெளியூர், வெளிநாட்டுக் குரல்களுக்கு வருவோம். கத்தாரிலும் குவைத்திலும் வெள்ளி, சனி விடுமுறை, வெள்ளி பகலில் அங்கே ஆராதனை இருக்கும், அதனால் வெள்ளி மாலையைக் கேளுங்கள். அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள் என்றால் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து போனில் பதிவு செய்யலாம், கார் உண்மையிலேயே நல்ல பதிவு அறை, ஏசியை அணைத்தால். ரெண்டு போன் வேண்டும், ஒன்றில் வழிகாட்டி ட்ராக்கை வயர் உள்ள இயர்போனில் கேட்க, இன்னொன்றில் பதிவு செய்ய. ப்ளூடூத் வேண்டவே வேண்டாம், தாமதமாகக் கேட்கும், பாடுவதும் தாமதமாகும். ட்ராக்கை ஓடவிடும்போதே இயர்போனைப் பதிவாகிற போனின் மைக்கில் வைத்து, தொடக்கத்தில் வைத்த அந்தக் கைதட்டலையும் பதிவில் விழ வைத்துவிட்டுப் பிறகு காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், இடைவெளி விட்டது அதற்குத்தான். எம்பி3 ஆக மாற்றும்போது ஃபைலின் தொடக்கத்தில் துளி மௌனம் சேர்ந்துவிடும், ஆளாளுக்கு ரெக்கார்டு பட்டனை அழுத்துகிற நேரமும் வேறு, இங்கே லேப்டாப்பில் ரெண்டு தட்டலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தினால் குரல் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பாதீர்கள், தரம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். ஃபைல் பெயரில் பாட்டு எண், குரல், பெயர் மூன்றும் இருக்கட்டும், இல்லாவிட்டால் கடைசியில் "ரெக்கார்டிங் 14" என்று நாற்பது ஃபைலோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

அன்றன்றைக்குப் பதிவானதை அன்றைக்கே வேறு ஊரில் ஒருவருக்கோ இணையக் கிடங்குக்கோ அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, அந்தப் பக்கத்து வீடுகளில் தரைத்தளத்தில் என்ன மிஞ்சியது என்று எல்லோரும் பார்த்ததுதான். ஹார்ட் டிஸ்க் மேல் அலமாரியில் இருப்பது காப்பு ஆகாது.

மிக்ஸிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குரல்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், கார் சத்தம், காலடி எல்லாம் அங்கேதான் இருக்கும். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு குரல்களைச் சமன் செய்து, வரிகள் புரிகிறதா என்று பார்த்த பிறகு வாத்தியத்தை ஏற்றுங்கள். கொயரில் வயதான அம்மா ஒருவரின் குரல் கொஞ்சம் நடுங்கும், அதை மென்பொருளால் நேராக்க வேண்டாம், சபைக்காரர்கள் அந்தக் குரலைத்தான் தேடுவார்கள். முடித்ததும் மொத்த சத்தம் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தின் அளவு) பக்கம், உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல், 44.1 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் ஃபைல். மலிவான போன் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலோர் அதில்தான் கேட்கப் போகிறார்கள்.

அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரம், அதில் போன் நம்பரோ விலையோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பனி மூடிய பைன் மரம் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பனைமரத்தில் கட்டிய காகித நட்சத்திரம் நம் தெருவிலேயே இருக்கிறது, போனில் எடுத்தால் போதும். யூடியூபில் பொதுச்சொத்தான பழைய மெட்டுக்கும் யாரோ ஒருவர் பேரில் உரிமைக் கோரிக்கை வரலாம். பதற வேண்டாம், மெட்டு பொதுச்சொத்து, பதிவு எங்களுடையது என்று அங்கேயே மறுப்பு போடலாம், எழுத்தில் வாங்கிய அனுமதிகளை இதற்காகவும்தான் பத்திரமாக வைக்கச் சொன்னது.

ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னமும் பென் டிரைவ்தான், காரில் செருகிக் கேட்பார்கள், 320 கேபிபிஎஸ் எம்பி3யில் கொஞ்சம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், குரல் இல்லாத மைனஸ் ட்ராக்கையும் மிக்ஸ் செய்கிற அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பாட்டு வந்த வாரமே பக்கத்துச் சபைக்காரர்கள் கேரல் சர்வீஸுக்கு வேண்டும் என்று போன் போடுவார்கள், அப்போது போய் ப்ராஜெக்டைத் திறந்தால் பாதி ஃபைல் காணவில்லை என்று காட்டும்.