மலைப் பயணத்தின் முதல் நாள்: சாயங்காலத்திலிருந்து காலையை நோக்கித் திட்டம் போடுவது எப்படி?

முதன்முதலாக முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேறப் போகிறவர்கள் பெரும்பாலும் உச்சிக்குப் போகும் நாளைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், பனி எவ்வளவு இருக்கும், போட்டோ எங்கே நன்றாக வரும். முதல் நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "வெறும் 4 கிலோமீட்டர்தானே?" என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். என் முதல் பயணத்தில் கிளம்பும்போதே மணி 11 தாண்டிவிட்டது. முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது கும்மிருட்டு. டார்ச் பையின் அடியில் கிடந்தது. அதை எடுப்பதற்காக மொத்தப் பையையும் ஈரப்புல்லில் கொட்டினேன். தூங்கும் பை நனைந்தது. அந்த இரவை இன்னும் மறக்கவில்லை.

ஒரு நிஜமான பாதையை எடுத்துக்கொள்வோம். உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா சிகரம், சுமார் 3,800 மீட்டர். முதல் முறை போகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் இடம். அடிவாரக் கிராமம் சாங்க்ரி, ஏறத்தாழ 1,950 மீட்டர். முதல் நாள் அங்கிருந்து ஜூடா கா தாலாப் என்ற சிறிய ஏரி வரை நடை. ஏரி ஏறத்தாழ 2,800 மீட்டரில் இருக்கிறது. தூரம் சுமார் 4 கிமீ. நீங்கள் வேறு மலைக்குப் போனாலும் முறை இதுதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: தூரத்தை மறந்துவிட்டு உயரத்தைப் பாருங்கள்

4 கிமீ என்றால் பீச்சில் ஒரு காலை நடை. ஆனால் இந்த 4 கிலோமீட்டரில் 850 மீட்டர் மேலே ஏறுகிறீர்கள். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். ஆக, உச்சிப்பிள்ளையாரை ஒரே நாளில் பத்து முறை ஏறிப் பார்ப்பதற்குச் சமம், அதுவும் முதுகில் பத்து கிலோவோடு. கேட்டவுடன் வயிற்றைக் கலக்குகிறதா? நல்லது, இப்போது சரியாகத் திட்டம் போடுவீர்கள்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்னது. 5 கிமீ நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் பாதைக்குப் போட்டால் நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 85 நிமிடம். மொத்தம் 2 மணி 13 நிமிடம்.

இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது நல்ல தேகக்கட்டு உள்ளவர் நிற்காமல் நடக்கும் நேரம். சமவெளியிலிருந்து வந்து, பையும் புதிது, பாதையும் புதிது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்குவேன். கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் வருகிறது. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் 50 நிமிடம் சேர்த்தால் ஐந்தே கால்.

படி 2: சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இதுதான் முக்கியமான படி. டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பக்கம் ஐந்தே கால் வாக்கில் சூரியன் மறைகிறது. அது கணக்குப்படி. மலைக்குப் பின்னால் அது முன்னதாகவே ஒளிந்துகொள்ளும். ஒளிந்த பத்தே நிமிடத்தில் குளிர் சுள்ளென்று ஏறும். டெண்ட் போட, தண்ணீர் பிடிக்க, உடை மாற்ற, ஒரு டீ குடிக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே முகாமை மதியம் 3 மணிக்கு அடைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றிலிருந்து ஐந்தே கால் மணி நேரம் பின்னால் போனால் காலை 9:45. அதிலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள். யாருக்காவது ஷூ கடிக்கும், யாருக்காவது வயிறு சரியிருக்காது, கோவேறு கழுதைகள் வரிசையாக வந்து வழியை அடைக்கும். அந்த ஒரு மணி நேரம் இவர்களுக்கெல்லாம். ஆக, சாங்க்ரியிலிருந்து கால் எடுத்து வைக்க வேண்டிய நேரம் 8:45. காலை உணவு 7:30. எழுவது 6:30. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் வைத்தால் குளிரில் சார்ஜ் போன பிறகு தாளைத்தான் தேடுவீர்கள்.

படி 3: அதற்கு முந்தைய நாளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குக் கிட்டத்தட்ட 200 கிமீ. முசூரி, புரோலா, மோரி, நைட்வார் என்று வளைந்து வளைந்து போகும் சாலை. எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகிவிடும். ஊட்டி பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்கள் முன்கூட்டியே மாத்திரையோடு போங்கள். நைட்வாரில்தான் ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து டோன்ஸ் நதியாகின்றன. வனத்துறையின் சோதனைச்சாவடியும் அங்கே இருக்கிறது. கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும், அடையாள அட்டையும் அதன் நகல்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சாங்க்ரியில் ஓர் இரவு தூங்கிய பிறகுதான் நடை. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையிலிருந்து கிளம்பி இரண்டே நாளில் 2,800 மீட்டருக்குப் போகிறீர்கள். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. முதல் இரவு கொண்டாட்டம் என்று பாட்டிலைத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் ஏற்றத்தில் அவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் முதல் பயணம் வேண்டாம். பனி விழுந்தால் பாதையே தெரியாது.

படி 4: பையைச் சாயங்காலத்துக்கு ஏற்றபடி அடுக்குங்கள்

எடை முதலில். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ ஆள் என்றால் 12 கிலோ உச்சவரம்பு. முதல் முறைக்கு 8 அல்லது 9 கிலோவில் நிறுத்துவது நல்லது. வீட்டில் எடை மெஷினில் பையோடு ஒரு தரம், பை இல்லாமல் ஒரு தரம் ஏறிப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் வெளியே போக வேண்டியது மூன்றாவது ஜீன்ஸ். சொல்லப்போனால், முதல் ஜீன்ஸும்தான். நனைந்தால் காயவே காயாது.

அடியில் தூங்கும் பை. நடுவில், முதுகை ஒட்டினாற்போல், கனமான பொருள்கள். அவை வெளிப்பக்கம் போனால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், சாயங்காலம் இடுப்பு பழிவாங்கும். துணிகளை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வையுங்கள். ரெயின் கவர் மேல்மழையைத் தடுக்கும், முதுகுப்பக்கமாக இறங்கும் தண்ணீரைத் தடுக்காது.

மேல் பாக்கெட்டில் இருக்க வேண்டியவை: தலையில் மாட்டும் டார்ச், மழைக்கோட்டு, கையுறை, குல்லா, பிளாஸ்திரி, தின்பண்டம். முகாமில் நின்றவுடன் போட வேண்டிய கனமான ஜாக்கெட் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே. பையைத் திறந்தவுடன் கையில் படுவது அதுவாக இருக்க வேண்டும்.

அடுத்து, பையை மாட்டும் விதம். முக்கால்வாசிப் பேர் தப்பாக மாட்டுகிறார்கள், பள்ளிக்கூடப் பைப் பழக்கம். சண்டைக்கு நிற்பதுபோல் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நில்லுங்கள். உள்ளங்கைக்குக் கீழே எலும்பு தட்டுப்படுகிறதா? இடுப்புப் பட்டை அந்த எலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை முதலில் தொடையில் ஏற்றி, ஒரு கையை நுழைத்து, திரும்பி, மறு கையை நுழையுங்கள். இடுப்புப் பட்டையை முதலில் பூட்டி இறுக்குங்கள். தோள் வார்களை அதற்குப் பிறகுதான். தோளுக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் சிரமமில்லாமல் போனால் எடை இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். மார்புக் கொக்கி கடைசியில், மூச்சு முட்டாத அளவுக்கு. வீட்டு மாடிப்படியில் இதை மாட்டிக்கொண்டு இரண்டு வாரமாவது ஏறி இறங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

படி 5: குளிரக் குளிரக் கிளம்புங்கள்

காலை 8:45-க்கு சாங்க்ரியில் பல் கிட்டும். ஆனாலும் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றம் தொடங்கிய கால் மணி நேரத்தில் வேர்க்கும். வேர்த்த துணியோடு நின்றால் அந்த ஈரம் குளிர்ந்து உடம்பில் ஒட்டும், அங்கேதான் ஆபத்து. இந்த இடத்தில் பருத்தி பனியன் பெரிய துரோகி. திருப்பூர் பனியன் நம் ஊர் வெயிலுக்குத் தங்கம். மலையில் அது வேர்வையைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் வரை விடாது. சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டிஷர்ட் போதும், விளையாட்டுச் சாமான் கடையில் மலிவாகவே கிடைக்கும்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் வேகம் கூடுதல். பாய்ந்து நடந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருவதைவிட மாட்டு வண்டி மாதிரி நிற்காமல் ஊர்ந்து போகிறவர்தான் முதலில் முகாமுக்குப் போய்ச் சேருவார். 50 நிமிடம் நடை, ஐந்தாறு நிமிடம் ஓய்வு. ஓய்வு பத்தைத் தாண்டினால் உடம்பு ஆறிவிடும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

குதிகாலில் சூடாக உறுத்தினால் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். "முகாமில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் முகாமில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

படி 6: வாயும் வேலை செய்யட்டும்

இரண்டு லிட்டர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, அதனால் ஒவ்வொரு ஓய்விலும் நாலு மடக்கு கட்டாயம். கடலைமிட்டாய், பேரீச்சை, பொட்டுக்கடலை உருண்டை எல்லாம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போன நண்பர்கள் உண்டு. நம் ஊர் ரயிலில் இரண்டு நாள் தாங்கும் அதே சோறு அந்தக் குளிரில் விரைத்துப் பச்சரிசிபோல் ஆகிவிட்டது. மிட்டாய்த் தாளைச் சட்டைப் பையிலேயே போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

படி 7: ஒரு நிறுத்தக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்

மதியம் 1 மணிக்குப் பாதி தூரம்கூட வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதைக் காலையிலேயே வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும்.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி சேர்ந்துகொண்டால் உயர நோயாக இருக்கலாம். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறிகுறி இருக்கும்போது அதற்கு மேல் ஏறக்கூடாது, கூடிக்கொண்டே போனால் கீழே இறங்க வேண்டும். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

படி 8: முகாமில் முதல் ஒரு மணி நேரம்

போய்ச் சேர்ந்ததும் புல்லில் மல்லாக்கப் படுக்கத் தோன்றும். படுக்காதீர்கள். பையைக் கீழே வைத்ததும் ஜாக்கெட், குல்லா. பிறகு வேர்த்த டிஷர்ட்டைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள், காலுறையையும் மாற்றுங்கள். அப்புறம் டெண்ட், சமதரையில், ஏரிக்கரையிலிருந்து எழுபது தப்படியாவது தள்ளி. கழிவும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஏரிக்குள் போகாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். இவ்வளவும் முடிந்து மணி நான்கு என்றால் ஓக் மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் மேலே நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். சிறிது உயரம் ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்கினால் உடம்பு மலைக்குச் சீக்கிரம் பழகும்.

இருட்டியதும் போனையும் பவர் பேங்க்கையும் தூங்கும் பைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி கடகடவென்று இறங்கும். டெண்டுக்குள் வைக்கும் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும். காலையில் நிமிர்த்தினால் ஐஸ் அடியில் கிடக்கும், மூடி திறக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்கும்.