பிழை நிறைந்த ஆர்பிஜியை ரசித்து ஆட

சில ஆர்பிஜிகளில், அதாவது ஒரு பாத்திரமாக மாறி கதையை நகர்த்தும் வீடியோ கேம்களில், செய்ய நினைத்தது மலையளவு இருக்கும், செய்து முடித்தது முக்கால்வாசிதான். திறக்க வேண்டிய கதவு திறக்காது, ஆள் சுவருக்குள் புகுந்து நடப்பான், ஆனாலும் அதில் வரும் ஒரு பேச்சு பல வருடம் மனதில் நிற்கும். ‘வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ அந்த ரகம். 2004 நவம்பரில், ஹாஃப்-லைஃப் 2 என்ற பெரிய கேம் வந்த அதே நாளில் வெளியாகி கூட்டத்தில் காணாமல் போனது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அதைச் செய்த ட்ராய்கா நிறுவனமும் மூடப்பட்டது. அதை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது ரசிகர்கள்தான்.

அதனால் முதல் வேலை, ரசிகர்கள் போட்ட பேட்ச், அதாவது கேமைத் திருத்தும் கோப்பு. பேசிக், பிளஸ் என்று இரண்டு வகை உண்டு. பேசிக் பெரும்பாலும் பிழைகளைத் திருத்துவதோடு நின்றுவிடும், பிளஸ் வெட்டி எறியப்பட்ட பகுதிகளையும் உள்ளே கொண்டுவரும். முதல் தடவைக்கு பேசிக் போதும் என்பேன். எதுவானாலும் ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், பாதியில் போட்டால் பழைய சேவ் (ஆட்டத்தைச் சேமித்த பதிவு) காலை வாரலாம். அதற்கு மேல் பத்து மாட் (கேமை மாற்றும் ரசிகர் சேர்க்கை) அடுக்குவது வேண்டாத வேலை, அப்புறம் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாது.

அடுத்தது சேவ். ஒரே விசையில், முந்தையதன் மேலேயே சேமிக்கும் குயிக்சேவை மட்டும் நம்பாதீர்கள். நான் ஒரு தடவை வேறொரு கேமில் தரைக்குள் இடுப்பளவு மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அதே நொடியில் குயிக்சேவும் அழுத்தி, ஆறு மணி நேர ஆட்டத்தைத் தொலைத்தேன். புது ஊருக்குள் போகும்போதும், பெரிய குவெஸ்ட் (கேம் தரும் பணி) தொடங்கும் முன்னும் தனித்தனியாக ஒரு சேவ் போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள்.

கேரக்டர் விஷயத்தில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். இந்த மாதிரி கேம்கள் முன்பாதியில்தான் ஆற அமரச் செய்யப்பட்டிருக்கும், போகப்போக அவசரம் தெரியும். பிளட்லைன்ஸில் முதலில் பேச்சு, பூட்டுத் திறப்பு, பதுங்கல் என்று எல்லாவற்றுக்கும் வழி இருக்கும். ஹாலிவுட் சாக்கடைக்குள் இறங்கியதும் சண்டை, சண்டை, மறுபடி சண்டை. திறமைகளை வளர்க்கக் கிடைக்கும் எல்லாப் புள்ளியையும் வாய்ச்சாலகத்தில் கொட்டியவர் அங்கே அழுவார். துப்பாக்கியோ கத்தியோ, ஏதாவது ஒன்றில் ஆரம்பத்திலிருந்தே புள்ளி போட்டு வாருங்கள். அப்போதும் முடியவில்லையா, கடினத்தைக் குறைக்க வழி இருந்தால் குறையுங்கள், ஏமாற்றுக் குறியீடு போட்டும் தாண்டலாம். அந்தச் சாக்கடையை நேர்மையாகக் கடந்தவருக்கு யாரும் மெடல் தரப்போவதில்லை.

மிச்சப்படும் பொறுமையை நல்ல இடங்களில் செலவழியுங்கள். சான்டா மோனிகாவில் ஓஷன் ஹவுஸ் என்று பாழடைந்த ஹோட்டல் ஒன்று வரும். உள்ளே அடிக்க ஒரு எதிரி கூட இல்லை. விளக்குகள் வெடிக்கும், ஜாடிகள் பறந்து வரும், கிடக்கிற பழைய காகிதங்களைப் படிக்கப் படிக்க அங்கே ஒரு குடும்பத்துக்கு என்ன ஆனது என்று புரியும். அங்கே ஓடாதீர்கள். ராத்திரி, ஹெட்ஃபோன், மெதுவான நடை.

பிடித்துப்போனால் இரண்டாவது ஆட்டத்துக்கு வாம்பயர் குலங்களில் பித்துப்பிடித்த மால்கேவியன் குலத்தை எடுங்கள். எல்லாருக்கும் உங்கள் கேரக்டர் சொல்லும் பதில்களே தலைகீழாக மாறிவிடும், தெருவோர ‘ஸ்டாப்’ பலகையோடு கூட வாக்குவாதத்துக்கு நிற்பார்.