குழந்தைகளோடு குடும்ப மரம் வரைவது எப்படி?

எட்டு வயதைத் தாண்டிய குழந்தை, பெரியவர் ஒருவரின் துணையோடு தன் குடும்ப மரத்தை வரையத் தொடங்கலாம். ஒரு பெரிய சார்ட் தாள், பென்சில், அழிப்பான், ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி ஆகியவை போதும்.

முதல் படி: தாளின் அடியில் குழந்தை தன் பெயரை எழுதட்டும். அதற்கு மேல் பெற்றோர் இருவர், அதற்கும் மேல் தாத்தா பாட்டிகள் நால்வர், அடுத்த வரிசையில் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டிகள் எண்மர் என்று கட்டங்கள் போடுங்கள். பல வீடுகளில் நிரப்ப ஆளில்லாமல் நிற்பவை கொள்ளுப் பாட்டிகளின் கட்டங்களே. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கமும், ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதப்பட்ட பழைய பத்திரங்களும் ஆண்வழிப் பெயர்களைக் காத்துத் தந்துவிடுகின்றன. பாட்டியைப் பெற்றவளின் பெயரோ பெரும்பாலும் பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஆகவே கேள்விகளைப் பாட்டிகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: பாட்டியின் அம்மா பெயர் என்ன, அவர் பிறந்த ஊர் எது, வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள், பாட்டிக்கு யாருடைய பெயரை வைத்தார்கள் என்று குழந்தையே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் ஒலிப்பதிவை மட்டும் கவனியுங்கள். மாமனார், மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், அவர்கள் பெயரை வைத்த பிள்ளையை மருமகள் வேறு பெயரால் அழைத்த வீடுகள் பல உண்டு. எனவே இரண்டு பெயர்கள் கிடைத்தால் அவை இருவருக்கு உரியவை என்று அவசரமாக முடிவு செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: ஆண்டுகளைக் கணக்கிடுவது. குழந்தைகள் மிகவும் விரும்பிச் செய்யும் பகுதி இது. ‘தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்’ என்று தாத்தா சொன்னால், புயல் 1964 டிசம்பரில் வீசியது என்பதைக் கொண்டு, திருமணம் 1965 தொடக்கத்தில் நடந்தது என்று குழந்தையே கண்டுபிடித்துவிடும். பழைய ஜாதகத்தில் ‘பிங்கள வருஷம்’ என்று மட்டும் இருந்தால், தமிழ் ஆண்டுகள் 60-க்கு ஒரு முறை திரும்பி வருவதால், அது 1917–18 ஆகவும் இருக்கலாம், 1977–78 ஆகவும் இருக்கலாம். ஜாதகத்துக்கு உரியவரின் மூத்த பிள்ளை 1940-இல் பிறந்திருந்தால் விடை தானாகத் தெரிந்துவிடும்.

நான்காம் படி: பழைய கல்யாணப் பத்திரிகைகள், பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். தாத்தாக்களின் பெயரோடு அச்சான பத்திரிகை ஒன்றே இரண்டு தலைமுறைகளை இணைத்துவிடும். பள்ளியில் சேர்ப்பதற்காக ஏதோ ஒரு பிறந்த தேதியைச் சொல்லிவைத்த காலமும் இருந்ததால், சான்றிதழில் உள்ள தேதியை வேறொரு சான்று கிடைக்கும் வரை பென்சிலிலேயே வைத்திருங்கள். வாழ்பவர்களின் பிறந்த தேதிகளைச் சமூக வலைத்தளங்களில் பகிர வேண்டாம்.

அடுத்த முறை குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பங்காளிகள் கூடும் இடத்தில் தந்தை வழிக் கட்டங்கள் விரைவில் நிரம்பும். தாயின் பிறந்த வீட்டார் கும்பிடும் தெய்வம் பல குடும்பங்களில் வேறாக இருக்கும். அந்தக் கோயிலுக்கும் குழந்தையை ஒரு முறை அழைத்துச் சென்று, அங்கு வரும் முதிய பெண்களிடம் மீதிக் கட்டங்களைக் காட்டிக் கேளுங்கள்.